மஞ்சள் கோட்டுக்குப் பின்னால்

பதினொரு நாள் ஜெசிந்தாவுக்குச் செய்தித்தாள் கிடையாது, போன் கிடையாது. தொண்டைக்கு ஓய்வு என்றார்கள். பன்னிரண்டாம் நாள் காலை காரில் ஏற்றினார்கள்.

தேரிமுனைக்கு ஒரே சாலை. இரு பக்கமும் தேரி என்கிற செம்மணல் மேடு. சாலை முடிகிற இடத்தில் கடல், கடலுக்கு அடியில் எண்ணெய். அதைக் கண்டுபிடித்து நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. சோதனைக் கிணறுகள் அன்றிலிருந்தே இறைத்துக்கொண்டிருந்தன. ஆனால் பெரிய கப்பல் நிற்கத் துறை இல்லை. துறை கட்டப் பணம் இல்லை. தேரிமுனைக்கான அரசு ஆணையம் நாற்பது நாடுகளுக்குக் கடிதம் எழுதியது. ஒரு நாட்டிலிருந்து ஒரு நிறுவனம் வந்தது.

முன் சீட்டில் இருந்த ஆணையத் தலைவர் தங்கப்பழம் திரும்பிப் பார்த்தார்.

"தூங்குனியா?"

"எங்க அண்ணாச்சி? மெத்தை அமுங்கிக்கிட்டே போவுது. கடலுக்குள்ள போற மாதிரி இருக்கு."

"தொண்டை?"

"இங்க கத்துனா இலங்கைல திரும்பிப் பாப்பான்."

அவர் சிரித்தார். ஜெசிந்தா கரையில் மீன் ஏலம் கூறுபவள். பதினாறு ஆண்டுகளாகக் கூறுகிறாள். அந்தக் குரலுக்காகத்தான் நிறுவனத்தோடு ஊர் சார்பில் பேசத் தன்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நம்பினாள். ஒப்பந்தத்தின் நாற்பது பக்கங்களும் அவளுக்கு மனப்பாடம். அதில் ஒன்பதாம் பக்கத்தைத் தினமும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். நூறு படுக்கை கொண்ட மருத்துவமனை. போன வருடம் அவள் தங்கை செலின் இதே சாலையில் லோடு ஆட்டோவில் செத்துப்போனாள். வயிற்றில் பிள்ளை இருந்தது. ஆஸ்பத்திரிக்கு இன்னும் நாற்பத்தெட்டு கிலோமீட்டர் இருந்தது.

"அந்த வளையைப் பத்தி இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"வாய்மைமானி. கையில மாட்டுவாங்க. நீ சொல்லுறத நீ நம்புறியான்னு பாக்கும். நம்புனா பச்சை. நம்பலைன்னா சிவப்பு. இப்ப உலகத்துல எந்தப் பெரிய ஒப்பந்தமும் அது இல்லாம கிடையாது. மூணு சிவப்பு விழுந்துச்சு, பத்து வருஷத்துக்கு நம்மகூட எவனும் கையெழுத்துப் போட மாட்டான்."

"நான் சொல்லுறது தப்பா இருந்தா?"

"நீ நம்புனா பச்சைதான்."

"அப்போ கிறுக்கனுக்கு எப்பவும் பச்சை."

அதற்குத் தங்கப்பழம் சிரிக்கவில்லை.

கடற்கரை மைதானத்தில் நாலாயிரம் பேர். பெரிய திரை. பேண்டு வாத்தியம். கார் ஊர்ந்தது. கண்ணாடியில் கைகள் தட்டின. "ஏ ஜெசி, விட்றாத!" என்று ஒரு குரல். "கிலோ என்ன வெலைன்னு கேளு!" என்று இன்னொன்று. கூட்டத்துக்கு மேலே அவள் புருஷன் ராயப்பனின் தலை தெரிந்தது. வலைக் கம்பத்தில் ஏறி நின்று துண்டைச் சுழற்றிக்கொண்டிருந்தான். ஜெசிந்தாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. பயமில்லை. முதல் படகு கரை தட்டும்போது வருகிற அதே துடிப்பு.

குளிரூட்டிய கூடாரத்துக்குள் ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். மேசையிலிருந்து பத்து மீட்டர் தள்ளித் தரையில் மஞ்சள் கோடு. இரு தரப்பு அதிகாரிகளும் அந்தக் கோட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க பக்கத்துல இருக்க மாட்டியளா?"

"குரல் கலந்திருமாம். அதான் ஏற்பாடு," என்றார் தங்கப்பழம். பின்னால் போய் உட்கார்ந்தார். அவருக்கு அடுத்த நாற்காலியில் நிலவியல் அதிகாரி முத்துமாலை. நரை மீசை. மடியில் பூட்டிய பெட்டி.

எதிர் நாற்காலிக்கு ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். கன்னம் சிவந்திருந்தது. பெயர் அய்தார். அவர் ஏதோ சொன்னார். மேசையில் இருந்த கருவி அதைத் தமிழில் சொன்னது.

"வணக்கம். இன்று எனக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறது."

"எனக்கும்தான். நீங்க கம்பெனில என்ன வேலை?"

"மூன்று மாதங்களுக்கு முன்பு வரை தொலைக்காட்சியில் வானிலை அறிவித்துக்கொண்டிருந்தேன். என் முகத்தை மக்கள் நம்புவார்கள் என்று வேலைக்கு எடுத்தார்கள்."

"நீங்க சொன்ன அன்னைக்கு மழை பெஞ்சுதா?"

"பாதி நாட்கள்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். வெளியே திரையைப் பார்த்து நாலாயிரம் பேரும் சிரித்தார்கள். துணிச்சுவர் அதிர்ந்தது.

நடுவர் வந்து இருவர் கையிலும் வளையை மாட்டினார். விதிகளைப் படித்தார். யாரும் காதுகொடுத்துக் கேட்கவில்லை. எங்கும் யாரும் கேட்பதில்லை. ஜெசிந்தா கேட்டாள். ஏலம் கூறுபவளுக்கு விதிதான் முதலில் வேண்டும்.

"நான்காவது. கூடத்தில் உள்ள எவரையும் வளை அணியச் சொல்ல எதிர்த் தரப்புக்கு உரிமை உண்டு. மறுத்தாலும் எழுந்து போனாலும் மூன்று சிவப்பாகக் கொள்ளப்படும். பதினெட்டு ஆண்டுகளில் இந்த விதி பயன்படுத்தப்பட்டதில்லை."

ஏன் பயன்படுத்தப்படவில்லை என்று அவளுக்குக் கேட்கத் தோன்றியது. அதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.

"தேரிமுனையின் கடலடியில் எண்ணெய் இருக்கிறது," என்றாள்.

பச்சை. வெளியே விசில்.

"எங்களிடம் கப்பல்களும் பணமும் இருக்கின்றன," என்றார் அய்தார்.

பச்சை. பேண்டு ஒரு முறை முழங்கி ஓய்ந்தது.

"வருடத்தில் பத்து மாதம் இங்கே கடல் அடங்கி இருக்கும்."

பச்சை.

"மூவாயிரம் பேருக்கு வேலை தருவோம்."

பச்சை. கூடாரத்தின் கயிறுகள் ஆடின.

"நாங்கள் முப்பது ஆண்டுகள் இங்கே இருப்போம். பத்தாம் ஆண்டில் மருத்துவமனையைக் கட்டி முடிப்போம்."

பச்சை. ஜெசிந்தாவின் கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு அடுத்த வாக்கியத்தைச் சொன்னாள்.

"எங்கள் கரை நிலம் உறுதியானது. கட்டுவது எதுவும் நிற்கும்."

பச்சை.

அய்தார் தாளைப் பார்க்காமல் கேட்டார். "உங்கள் வீடும் கரையில்தானா? அழகான இடமாக இருக்கும்."

"ஆமா. வாசல்ல இருந்து அலைக்கு நாப்பது அடி."

"அவ்வளவு அருகிலா?"

"போன வருஷம் அம்பது. கல்யாணம் ஆகி வந்தப்போ நூத்திச் சொச்சம்..."

பச்சை எரிந்துகொண்டே இருந்தது. அவள் நிறுத்திவிட்டாள்.

தன் பதில் தன் காதிலேயே விழுந்தது. அவள் திரும்பி மஞ்சள் கோட்டைப் பார்த்தாள். முத்துமாலை தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கப்பழம் கூரையைப் பார்த்தார்.

நிலவியல் அவளுக்குத் தெரியாது. விற்கிறவர்களைத் தெரியும். நேற்றுப் பிடித்த மீனை இன்று பிடித்த மீன் என்று கொண்டு வருகிறவன் கூடைக்குப் பக்கத்தில் நிற்க மாட்டான். பத்தடி தள்ளி நின்று பீடி குடிப்பான். விவரம் தெரியாத எவளையாவது கூடையோடு அனுப்புவான்.

பதினொரு நாள் ஏன் செய்தித்தாள் இல்லை என்று இப்போது தெரிந்தது.

சும்மா இருந்துவிடலாம். இன்னும் ஆறு வாக்கியம். அத்தனையும் பச்சை எரியும். பத்து வருடத்தில் நூறு படுக்கை. அவள் எதிரே இருந்தவரைப் பார்த்தாள். நல்ல முகம். எதையும் மறைக்கத் தெரியாத முகம். அவருக்குப் பின்னாலும் மஞ்சள் கோடு. அதற்குப் பின்னால் ஏழு பேர், ஒருவர்கூட அவரைப் பார்க்காமல்.

"உங்கள எத்தனை நாள் தனியா வச்சிருந்தாங்க?" என்று கேட்டாள்.

அய்தார் யோசித்தார். "இருபது நாட்கள். கப்பலில். ஓய்வெடுக்கச் சொன்னார்கள்."

பச்சை.

"சார், நான் ஒண்ணு சொல்லுதேன். எங்க கரையில ஒரு வழக்கம் உண்டு. ஏலத்துக்கு முன்னால செவுளைத் தூக்கிக் காட்டணும். செவப்பா இருந்தா புது மீன். வெளுத்திருந்தா பழசு. வாங்குறவன் கேக்க மறந்தாலும் விக்கிறவ சொல்லணும், தூக்கிப் பாருன்னு. சொல்லாம வித்தா அந்த மீனு திரும்பி வந்திரும், அவ பேரும் போயிரும்."

கருவி அதை மொழிபெயர்த்தது. அய்தார் நெற்றியைச் சுருக்கினார். "இங்கே மீன் எது?"

"எங்க நிலம். தூக்கிப் பாருங்க."

"எப்படி?"

"நாலாவது விதி. என்னால எங்க ஆளக் கேக்க முடியாது. நீங்க கேக்கலாம். பின்னால நரை மீசை வச்சு ஒருத்தர் இருக்கார்."

தங்கப்பழம் எழுந்துவிட்டார். "ஏட்டி! என்ன காரியம் பண்ணுத!"

நடுவர் கையை உயர்த்தினார். "எழுந்து போகிறீர்களா?"

தங்கப்பழம் உட்கார்ந்தார்.

அய்தார் மெதுவாகச் சொன்னார். "அந்த அதிகாரி வளை அணியட்டும்."

முத்துமாலை பெட்டியை நாற்காலியில் வைத்துவிட்டு வந்தார். ஜெசிந்தாவின் கையிலிருந்த வளை அவர் கைக்கு மாறியது. அவர் நெடுநேரம் எதுவும் சொல்லவில்லை. பேசாமலிருந்தால் வளை எரிவதில்லை. வெளியே கூட்டம் முணுமுணுத்தது.

"நிலம் தாழுதா சார்?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"என்னையக் கேக்காதம்மா."

"அவர் கேக்கார். நான் எடுத்துச் சொல்லுதேன்."

முத்துமாலை மீசையைத் தடவினார். "சோதனைக் கிணத்துக்கே வருஷம் நாலு சென்டிமீட்டர் எறங்குது. முழுசா எறைச்சா எட்டு."

பச்சை.

"எங்க ஊரு?"

"இன்னும் பன்னெண்டு வருஷம்தான் இருக்கும்."

பச்சை.

கூடாரத்துக்குள் குளிரூட்டி ஓடுவது கேட்டது.

"ஏன் அண்ணாச்சி, வெளுத்த மீன்னு எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா உனக்குச் சிவப்பு விழுந்திருக்கும்!" என்று தங்கப்பழம் கத்தினார். "எனக்கு மட்டும் ஊரு வேண்டாமா? எத்தனை லெட்டர் போட்டேன் தெரியுமா? ஒருத்தன்தான் வந்தான். ஒரே ஒருத்தன்! அவனையும் ஊரை விட்டே முடுக்கிட்டியே!"

அவர் பொய்யாகக் கத்தவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"இன்னும் முடுக்கல. வழக்கத்துல பாதிதான் முடிஞ்சிருக்கு. செவுளைக் காட்டுனவளுக்கு ஒரு உரிமை உண்டு. வாங்குறவன மடியில என்ன வச்சிருக்கான்னு காட்டச் சொல்லலாம்."

அவள் திரும்பினாள். அய்தாருக்குப் பின்னால், ஏழு பேருக்கு நடுவில், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண் இருந்தாள். மற்ற ஆறு பேரும் அடிக்கடி அவள் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

"அந்த அம்மா யாரு?"

"சௌலே. எங்கள் நிதி இயக்குநர்," என்றார் அய்தார். குரல் தாழ்ந்திருந்தது. அவருக்கும் புரியத் தொடங்கியிருந்தது. "நான் அவரை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன்."

"நாலாவது விதி. அவங்க வளை போடட்டும்."

சௌலே எழுந்து வந்தாள். அய்தார் தன் வளையைக் கழற்றி அவளிடம் நீட்டினார். அவள் அதைத் தானே மாட்டிக்கொண்டாள். அய்தாரின் நாற்காலியில் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டாள்.

"எத்தனை வருஷம் இருப்பீங்க?"

சௌலே புன்னகை செய்தாள். பேசவில்லை.

சரி, என்று நினைத்தாள் ஜெசிந்தா. மேசையை ஒரு முறை தட்டினாள். கரையில் கூடையைத் தட்டுவதுபோல. அந்தத் தட்டை வெளியே எல்லாருக்கும் தெரியும்.

"முப்பது வருஷம்!" என்று கூறினாள். இதற்குத்தான் அந்தக் குரல். "முப்பது ஒருதரம்! ஆமான்னு சொல்லுங்கம்மா, பச்சை எரியுதா பாப்போம். முப்பது ரெண்டுதரம்!"

சௌலே பேசவில்லை.

"யாரும் கேக்கல! இருபத்தஞ்சு! இருபத்தஞ்சு ஒருதரம்!"

வெளியே ஒருவன் "ரெண்டுதரம்!" என்றான். பிறகு பத்துப் பேர். பிறகு நாலாயிரம் பேர்.

"இருபது!"

"ஒருதரம்! ரெண்டுதரம்!"

துணிச்சுவர் வழியாக அந்தச் சத்தம் காற்றைப்போல் உள்ளே வந்தது. பேண்டுக்காரன் ஒவ்வொரு தரத்துக்கும் முரசைத் தட்டினான். விலை ஏற்றித்தான் பழக்கம். இறக்கிக் கூறுவது அவளுக்கு இதுதான் முதல் தடவை. உடம்பு முழுக்கச் சூடு. பதினைந்தில் சௌலேயின் புன்னகை போயிற்று. பன்னிரண்டில் கால் கீழே இறங்கியது. பத்தில் அவள் மஞ்சள் கோட்டைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஒருவர் தலையசைத்தார்.

"ஒம்பது!"

"ஆம்," என்றாள் சௌலே.

பச்சை.

நாலாயிரம் பேரும் கத்தினார்கள். எதற்கென்று பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. ஏலம் முடிந்தால் கத்துவது பழக்கம். பிறகு மெல்ல அடங்கியது.

"ஒம்பதுல போயிருவீங்க. பத்துல ஆஸ்பத்திரி கட்டுவீங்க."

அய்தார் நின்ற இடத்திலேயே முகத்தை மூடிக்கொண்டார். "நான் பச்சையில் சொன்னேன்," என்றார். "நான் பச்சையில்தான் சொன்னேன்." வளை இல்லாததால் அது எந்த விளக்கிலும் தெரியவில்லை.

ஜெசிந்தா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"சரிம்மா. மீன் வெளுத்தது. மடியில ஒம்பது வருஷம்தான். ரெண்டு பேருக்கும் தெரிஞ்சாச்சு. இப்பத்தான் வியாபாரம். எண்ணெய் நெசந்தானே?"

"நிஜம்," என்றாள் சௌலே. பச்சை. முதல் முறையாக அவள் ஜெசிந்தாவை நேராகப் பார்த்தாள். "எங்களுக்கு அது வேண்டும். அதுவும் நிஜம்." பச்சை.

"அப்போ எங்களுக்கு வேண்டியது மொதல்ல. ஆஸ்பத்திரி மொத வருஷம்."

"முடியாது. மூன்றாம் ஆண்டு."

"கரையில இல்ல. தேரி மேட்டுல. தண்ணி ஏறாத எடம். ரெண்டாம் வருஷம்."

"அங்கே சாலை இல்லை."

"போடுங்க. உங்க லாரிக்கும் வேணும்லா?"

சௌலே சிரித்தாள். இந்த முறை பல் தெரிந்தது. "நீங்கள் எங்கே படித்தீர்கள்?"

"கூடைக்குப் பக்கத்துல நின்னு."

அரை மணி நேரம் பேசினார்கள். முத்துமாலை மேசைக்கே வந்து வரைபடத்தை விரித்தார். தங்கப்பழமும் கோட்டைத் தாண்டி வந்துவிட்டார். யாரும் தடுக்கவில்லை. அவர் சத்தமாகப் பேசினார், கைநீட்டிப் பேசினார், தண்ணீர் குடிக்க மறந்தார். நடுவர் எழுந்து நின்றே எழுதினார். பதினெட்டு ஆண்டுகளில் இப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

கடைசியில் சௌலே சொன்னாள். "இரண்டாம் ஆண்டு முடிவில் நூறு படுக்கை. தேரி மேட்டில்."

பச்சை.

வெளியே வெடி வெடித்தது. யாரோ அழுதார்கள். தங்கப்பழம் ஜெசிந்தாவின் தலையில் கை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"ஒரு நிபந்தனை," என்றாள் சௌலே. "தாழும் நிலத்தில் ஆட்கள் இருந்தால் நாங்கள் முழுதாக இறைக்க முடியாது. ஐந்தாம் ஆண்டுக்குள் எல்லாரும் மேட்டுக்கு வர வேண்டும். வீடு நாங்கள் கட்டித் தருகிறோம். வருவோம் என்று நீங்கள் சொல்லுங்கள். வளையோடு."

நியாயமான நிபந்தனை. ஜெசிந்தாவுக்கு எதிர்ப்பே இல்லை. முத்துமாலையிடமிருந்து வளையை வாங்கி மாட்டிக்கொண்டாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கரையில் இருக்கிற நாங்கள் ஐந்து வருடத்துக்குள் மேட்டுக்குப் போய்விடுவோம்."

சிவப்பு.

அவள் வளையைப் பார்த்தாள். கையை உதறினாள். ஈரமோ என்று முந்தானையால் துடைத்தாள்.

"போய்விடுவோம்," என்றாள்.

சிவப்பு.

முத்துமாலை தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். "போன ரெண்டு புயலுக்குப் பெறகும் மேட்டுல வீடு கட்டிக் குடுத்தாங்க. பூட்டி, வலையைப் போட்டு வச்சிருக்காங்க. கருவாடு காயப்போடுறாங்க."

அது உண்மை. அதில் ஒரு வீடு அவளுடையது. ராயப்பன் அங்கே ஒரு இரவு படுத்தான். அலைச்சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று விடியுமுன் எழுந்து வந்துவிட்டான். அவளும் பின்னாலேயே வந்தாள்.

"பேசாத தாயி," என்றார் தங்கப்பழம் மெதுவாக. "இன்னும் ஒரு சிவப்புதான் பாக்கி. யோசிச்சுப் பேசு."

ஜெசிந்தா கண்ணை மூடினாள். எதைச் சொன்னால் தன் உடம்பு ஒப்புக்கொள்ளும் என்று தேடினாள். வீட்டுக்குள் போனாள். வாசலுக்கு வந்தாள். நாற்பது அடியைப் பார்த்தாள். பிறகு கண்ணைத் திறந்தாள்.

"எங்கள் பிள்ளைகள் போவார்கள்."

பச்சை.

"பெரியவர்கள்?" என்று சௌலே கேட்டாள்.

ஜெசிந்தா அவளைப் பார்த்தாள். பேசவில்லை.

சௌலேயும் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசாமலிருப்பது என்னவென்று அவளுக்குத் தெரியும். கொஞ்ச நேரத்துக்கு முன் அவளே அப்படித்தான் இருந்தாள். கடைசியில் நடுவரிடம் திரும்பினாள்.

"பிள்ளைகள் என்றே எழுதுங்கள்," என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

கையெழுத்தானதும் வளையைக் கழற்றினார்கள். ஜெசிந்தா வெளியே வந்தபோது வெயில் கண்ணில் அடித்தது. கூட்டம் அவளைத் தூக்கிக்கொண்டது. பேண்டு, வெடி, மணல், வியர்வை. அய்தாரையும் யாரோ தோளில் ஏற்றியிருந்தார்கள். "நாளைக்கு மழை வருமா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். அவருக்குப் புரியவில்லை. அவரும் சிரித்தார்.

ராயப்பன் இடித்துக்கொண்டு வந்து அவளை இறக்கினான். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏட்டி, ஆஸ்பத்திரி!"

"ரெண்டே வருஷம்!"

"அது என்ன, நடுவுல ரெண்டு வாட்டி சிவப்பா எரிஞ்சுது?"

"மெஷின் கோளாறா இருக்கும்."

"நெனச்சேன். நாம போயிருவோம்லா?" அவன் துண்டால் அவள் முகத்தைத் துடைத்தான். "மேட்டுல மொத வீடு நம்மளது. என்ன?"

"ஆமா," என்றாள். "போயிருவோம்."

"போயிருவோம்," என்றான் அவனும்.

யார் கையிலும் வளை இல்லை.